மாட்டுக்குப் பேர் வைக்கத் தெரிந்தவனுக்கு வேரியபிள் தெரியாதா?

சம்பாவுக்கு நாத்து விட்ட கதையை இந்தத் தடவை எழுதுறேன்னு போன பதிவில் சொல்லியிருந்தேன். அது ஒரு வாரம் தள்ளிப் போகட்டும். மனசுல ஒரு கோவம் கிடக்கு, அதை இறக்கி வச்சாத்தான் அடுத்த வேலை ஓடும். இன்னைக்குக் கம்ப்யூட்டர் பாடம் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சு முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. மூணு ஏக்கர் நிலம், எங்க ஊர் கணக்குல ஒன்பது மா, ரெண்டு கறவை மாடு, இவ்வளவுதான் என் தகுதி. ஆனா இந்த விஷயத்துல நான் பேசத்தான் போறேன்.

எங்க பாப்பா பக்கத்து டவுன் காலேஜ்ல பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்குறா. ஜூன்ல ரிசல்ட் வந்துச்சு. பைத்தான் பேப்பர்ல அரியர். வந்த அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. மறுநாள் காலையில நான் வைக்கோல் போட்டுக்கிட்டு இருக்கும்போது வந்து நின்னு, "அப்பா, நான் படிப்பை நிறுத்திடுறேன். திருப்பூர்ல ஆள் எடுக்குறாங்களாம், போறேன்"னு சொன்னா. ஏம்மான்னு கேட்டேன். வகுப்புல எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வச்சு, "வேரியபிளே புரியல, நீ எதுக்கு இந்த குரூப் எடுத்த?"ன்னு கேட்டாங்களாம்.

சென்னையில் ஐ.டி. வேலையில இருக்குற என் அக்கா மகனுக்கு போன் போட்டேன். நல்ல பிள்ளை, அவன் கொடுத்த பழைய லேப்டாப்தான் பாப்பாகிட்ட இருக்கு. அவன் சொன்னது: "மாமா, தப்பா நினைக்காதீங்க. தமிழ் மீடியம், மேத்ஸ் பேசிக்கும் கம்மி. வேரியபிள்ங்கிறது முதல் நாள் பாடம். அதுவே வரலைன்னா கஷ்டம்தான். பேசாம பி.ஏ.க்கு மாத்தி விட்டுடுங்க."

முதல் நாள் பாடம். அந்த வார்த்தைதான் என்னை உறுத்திச்சு. முதல் நாள் பாடம் ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷமாப் புரியலைன்னா, கோளாறு பிள்ளைகிட்டதான் இருக்கணுமா? நாத்து ஒண்ணு ரெண்டு அழுகினா விதைக் கோளாறு. நாற்றங்காலே அழுகினா தண்ணி வச்சவனைத்தான் கேக்கணும். அந்த வகுப்புல பாதிப் பேருக்கு மேல அரியர்.

அன்னைக்கு சாயங்காலம் பாப்பாவோட நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்துல, "வேரியபிள் என்பது மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி"ன்னு எழுதி, கீழே ஒரு பெட்டிப் படம், அதுக்குள்ள 5. அடுத்த பக்கத்துல

எக்ஸ் = எக்ஸ் + 1

அதுக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி. அழிச்சு அழிச்சுத் திரும்பப் போட்டதுல பேப்பர் தேஞ்சிருந்துச்சு. என்னம்மா இதுன்னு கேட்டேன்.

"எப்படிப்பா எக்ஸும் எக்ஸ் பிளஸ் ஒண்ணும் ஈக்குவலா இருக்கும்? ரெண்டு பக்கமும் எக்ஸைக் கழிச்சா பூஜ்யம் ஈக்குவல் ஒண்ணுன்னு வருது. இதைக் கேட்டதுக்குத்தான் சிரிச்சாங்க."

நண்பர்களே, கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. பள்ளிக்கூடத்துல பத்து வருஷமா அவளுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்குப்படி அவ கேட்டது நூத்துக்கு நூறு சரி. கணக்கு வராத பிள்ளை கேக்குற கேள்வி இல்ல இது. கணக்கு நல்லா வந்த பிள்ளை கேக்குற கேள்வி. கேள்வி கேக்காம மனப்பாடம் பண்ணின பிள்ளைங்க பாஸ் ஆயிடுச்சு. யோசிச்ச பிள்ளைக்கு, "உனக்கு இது வராது"ன்னு பட்டம்.

அதுக்கப்புறம் நானும் அவளும் ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு மாசம், பால் ஊத்திட்டு வந்து தினம் ஒரு மணி நேரம் உக்காந்தோம். அவ கத்துக்கிட்டா, நானும் கத்துக்கிட்டேன். அதுல எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல இந்த "ஈக்குவல்". இதோட கதையைப் போன்ல தேடிப் படிச்சேன். 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர், "சமம்" "சமம்" என்று ஒவ்வொரு தடவையும் எழுதி அலுத்துப்போய் இந்த ரெட்டைக் கோட்டைப் போட்டிருக்கிறார். ஒரே நீளத்துல ரெண்டு இணைகோடு, இதைவிடச் சமமா வேற எது இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். சரியா 400 வருஷம் கழிச்சு, 1957-ல், ஐ.பி.எம். கம்பெனியில் ஜான் பேக்கஸ் என்பவர் தலைமையில் ஒரு குழு போர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அதுல அதே கோட்டை எடுத்து வேற வேலைக்கு வச்சாங்க. "சமமா இருக்கு" என்பதற்கு இல்ல, "இந்த மதிப்பை இந்தப் பேருக்குக் கொடு" என்பதற்கு. இது குழப்பம்னு அப்பவே சில பேருக்குத் தெரிஞ்சிருக்கு. அல்கால், பாஸ்கல் மொழிகள்ல வெறும் ரெட்டைக் கோடு போடாம, முன்னாடி ஒரு முக்காற்புள்ளி மாதிரி ரெண்டு புள்ளி வச்சு := என்று எழுதினாங்க, இது வேற அது வேறன்னு கண்ணுக்குத் தெரியட்டும்னு. ஆனா சி மொழி, அதுக்குப் பின்னாடி வந்த சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் எல்லாமே பழைய ஒத்தைக் குறியையே வச்சுக்கிட்டது. நிஜமாவே சமமான்னு கேக்கணும்னா ரெண்டு தடவை == போடணும்.

ஆக, குறி ஒண்ணு, அர்த்தம் ரெண்டு. இதை முதல் நாளே சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். "பிள்ளைங்களா, கணக்குல பார்த்த சமக்குறி இது இல்ல. வலது பக்கம் முதல்ல கணக்குப் போட்டு, வர்ற விடைக்கு இடது பக்கப் பேரை வைக்குறோம்." இவ்வளவுதான். இதைச் சொல்லாம "எக்ஸ் ஈக்குவல் டு எக்ஸ் பிளஸ் ஒன்"னு வாயால படிச்சுக் காட்டினா, கேக்குற பிள்ளைக்கு ஈக்குவல்னுதானே காதுல விழும்?

டெல்டாவுல பொறந்தவன் காலையில எழுந்ததும் பேப்பர்ல முதல்ல பாக்குறது மேட்டூர் நீர்மட்டம். இன்னைக்கு 96 அடி இருக்கும், பத்து நாள் கழிச்சு 112 இருக்கும். "மேட்டூர் நீர்மட்டம்" என்ற பேர் மாறுறதில்ல, அது காட்டுற எண் மாறுது. ராத்திரி ரெண்டு அடி ஏறிடுச்சுன்னா நாம என்ன செய்யுறோம்? நேத்து இருந்த மட்டம், அதுகூட ரெண்டு, அதுதான் இன்னைக்கு மட்டம்.

நீர்மட்டம் = நீர்மட்டம் + 2

வலது பக்கம் நேத்தையது, இடது பக்கம் இன்னைக்கு. நடுவுல ஒரு ராத்திரி இருக்கு. கணக்குப் பாடத்துல அந்த ராத்திரி கிடையாது, எல்லாம் ஒரே நேரத்துல நிக்கும். கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு வரியும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நடக்குது. இதைச் சொன்னதும் பாப்பா பென்சிலை எடுத்து அந்தக் கேள்விக்குறியைத் தானே அழிச்சா.

மேட்டூரோட முழு மட்டம் 120 அடி. அது மாறாது. மாறுறதை மாறின்னும், மாறாததை மாறிலின்னும் தமிழ்ப் பாடப் புத்தகத்துலயே பேர் இருக்கு. நல்ல பேர்கள். யார் புரிய வச்சாங்க?

இன்னொரு குழி இருக்கு. நாங்க ரெண்டு பேருமே அதுல விழுந்தோம்.

காலை = 6
மாலை = 5
மொத்தம் = காலை + மாலை
காலை = 7

இப்ப மொத்தம் எவ்வளவு? நான் 12னு சொன்னேன். பாப்பாவும் 12ன்னா. லேப்டாப் 11னு காட்டிச்சு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் எனக்குப் பால் சொசைட்டிப் புத்தகம் ஞாபகம் வந்துச்சு. மொத்தத்தை எழுதி முடிச்சப்புறம் காலை அளவை அடிச்சுத் திருத்தினா, கீழே எழுதின மொத்தம் தானா மாறிடுமா? அதையும் நாமதான் அடிச்சு எழுதணும். எக்செல்ல தானா மாறும், அங்க போடுறது சூத்திரம். இங்க மூணாவது வரி ஓடும்போது என்ன கூட்டல் வந்துச்சோ அதுதான், அத்தோட அந்த வரி வேலை முடிஞ்சுது. இதெல்லாம் பேனா பிடிச்சு வரவு செலவு எழுதுற எவனுக்கும் தெரிஞ்ச விஷயம்.

அடுத்து அந்தப் பெட்டிக்கு வர்றேன். எனக்கு அதிகக் கோவம் அதுமேலதான்.

எங்க வீட்டுல ஒரு செவலை மாடு இருக்கு. நான் செவலைன்னு கூப்பிடுவேன். வீட்டம்மா லட்சுமின்னு கூப்பிடுவாங்க. லட்சுமிக்குப் புண்ணாக்கு வச்சா செவலை வயிறு நிறையுமா நிறையாதா? இந்தக் கேள்வியை எங்க ஊர்ல மூணாம் கிளாஸ் பையன்கிட்ட கேட்டா நம்மளைப் பார்த்துச் சிரிப்பான். பைத்தான்ல அதையே எழுதிப் பாருங்க. செவலையோட ரெண்டு நாள் கறவையை ஒரு பட்டியலாப் போடுறோம்.

செவலை = [6, 5]
லட்சுமி = செவலை

இப்ப லட்சுமி பட்டியல்ல மூணாவது நாள் 7-ஐச் சேர்க்கச் சொல்லுங்க. அதுக்கு அப்பெண்ட்னு ஒரு கட்டளை இருக்கு. சேர்த்துட்டு செவலையைக் கேளுங்க. [6, 5, 7] என்று வரும். ரெண்டு பேர், மாடு ஒண்ணுதான்.

இதைப் பெட்டின்னு படிச்ச பிள்ளை எப்படிப் புரிஞ்சுக்கும்? அதுக்கு ரெண்டு பெட்டி, ஒண்ணுல இருந்ததை எடுத்து இன்னொண்ணுல போட்டாச்சு. இந்தப் பெட்டியில கை வச்சா அந்தப் பெட்டி ஏன் மாறுது? பேய் பிசாசா? பாப்பா பரீட்சையில தப்பா எழுதினதுல இதுவும் ஒண்ணு. பெட்டின்னு நம்பி எழுதினா. அவங்க சொல்லிக் கொடுத்ததை அப்படியே நம்பினதுக்கு அவளுக்கு மார்க் போச்சு.

ஆனா எண்ணுல செஞ்சா வேற மாதிரி வரும்.

காலை = 6
மாலை = காலை
காலை = 7

மாலை இன்னும் 6தான். ஏன்? மாட்டுக் கயிறை நினைச்சுக்குங்க. "காலை" என்ற கயிறை 6 கழுத்துலேருந்து அவுத்து 7 கழுத்துல கட்டிட்டோம். "மாலை" என்ற கயிறு 6 கழுத்துலயே கிடக்கு, அதை யாரும் தொடல. பட்டியல்ல நாம கயிறை அவுக்கல, கட்டியிருந்த மாட்டுக்கே தீனி வச்சோம். கயிறை மாத்திக் கட்டுறது ஒண்ணு, மாட்டுக்குத் தீனி வைக்குறது இன்னொண்ணு. இந்த வித்தியாசம் தெரிஞ்சா பாதி பைத்தான் தெரிஞ்ச மாதிரி.

இன்னும் ஒண்ணு கேளுங்க. மாட்டுக்குக் காதுல மஞ்சள் கம்மல் போடுறாங்களே, 12 இலக்க எண்ணோட, மாட்டு ஆதார்னு நாங்க சொல்லுவோம். நீங்க எத்தனை பேர் வச்சுக் கூப்பிட்டாலும் கம்மல் நம்பர் ஒண்ணுதான். பைத்தான்ல ஐடின்னு ஒரு கட்டளை இருக்கு. ஒரு பேரைக் கொடுத்தா, அது கட்டியிருக்குற பொருளோட நம்பரைச் சொல்லும். செவலைக்கும் லட்சுமிக்கும் கேட்டோம், ரெண்டுக்கும் ஒரே நம்பர் வந்துச்சு. பாப்பா கை தட்டினா. அந்தச் சத்தத்துல நிஜச் செவலை திரும்பிப் பார்த்துச்சு.

பெட்டின்னு சொல்றது சுத்தப் பொய்யின்னு நான் சொல்ல வரல. நம்ம தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துல பிளஸ் ஒன்ல சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூல பைத்தான். சி பிளஸ் பிளஸ்ல பெட்டி பெரும்பாலும் சரிதான். முதல்லயே இது முழு எண் பெட்டி, இது தசம எண் பெட்டின்னு அறிவிக்கணும். ஒண்ணை இன்னொண்ணுக்குக் கொடுத்தா, உள்ள இருக்குறதை நகல் எடுத்துப் போட்டுக்கும். அடுத்த வருஷம் பைத்தான் வருது. அங்க பேர்தான், கயிறுதான். அதே பேரை இப்ப எண்ணுக்குக் கட்டலாம், அடுத்த வரியில எழுத்துக்குக் கட்டலாம். ரெண்டும் வேற வேற வீட்டுப் பழக்கம். ஒரு வருஷத்துல பிள்ளைங்களை ஒரு வீட்டுலேருந்து இன்னொரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். "இங்க பழக்கம் வேற"ன்னு வாசல்ல ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? பழைய பெட்டிப் படத்தையே போர்டுல வரைஞ்சுட்டுப் போனா?

"ஆரம்பத்துல சுலபமா ஒண்ணைச் சொல்லணும், உண்மையை அப்புறம் சொல்லிக்கலாம்"னு சிலர் சொல்றாங்க. அப்புறம் யார் சொல்றது? அந்த "அப்புறம்" வர்றதுக்குள்ள பிள்ளை திருப்பூர் பஸ் ஏறிடுது. தவிர, கயிறு கதை பெட்டிக் கதையைவிட எந்த விதத்துல கஷ்டம்? ரெண்டையும் சொல்ல ஒரே நேரம்தான் ஆகுது.

இப்ப பேர் வைக்குற விஷயம். புத்தகத்துல எல்லாம் ஏ, பி, எக்ஸ், ஒய். இது என்ன, பிள்ளைக்குப் பேர் வைக்கச் சொன்னா நம்பர் போட்ட மாதிரி? எங்க வீட்டுல பாப்பாவும் நானும் முதல்ல எழுதினதே கறவைக் கணக்கு. பேர் எல்லாம் தமிழ்ல வச்சோம். ஆமாங்க, வைக்கலாம். 2008-ல் பைத்தான் 3 வந்ததிலேருந்து வேரியபிள் பேரைத் தமிழ்லயே எழுதலாம். இதை அவ காலேஜ்ல யாரும் சொல்லல. நான் சொன்ன அக்கா மகனுக்கே தெரியல.

தமிழ்ல வச்சா தமிழுக்கே உரிய வம்பும் வரும். ஒரு நாள் நான் "கறவை = 6" என்று போட்டுட்டு, நாலு வரி தள்ளி "கரவை = 8" என்று அடிச்சுட்டேன். பைத்தான் ஒண்ணும் சொல்லல. அதுக்கு அது வேற பேரு, புதுசா ஒண்ணு கட்டிக்கிச்சு. கணக்கு 6லயே நிக்குது. அரை மணி நேரம் தேடினோம். என் தமிழ் வாத்தியார் இருந்திருந்தா ரகரத்துக்கும் றகரத்துக்கும் சேர்த்துக் காதைத் திருகியிருப்பார். ஆனா அந்த அரை மணி நேரத்துல ஒண்ணு புரிஞ்சுது. கம்ப்யூட்டருக்கு அர்த்தம் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். பேரோட அர்த்தம் முழுக்க மனுஷனுக்காக.

அதனாலதான் பேர்ல சோம்பேறித்தனம் கூடாதுன்னு சொல்றேன். "மூட்டை = 40" என்று எழுதினா என்ன அர்த்தம்? நாப்பது மூட்டையா, மூட்டைக்கு நாப்பது கிலோவா? அரசு கொள்முதல் நிலையத்துல மூட்டை 40 கிலோ. வெளி வியாபாரிகிட்ட அறுபது கிலோவுக்கு மேல போகும். ஊருக்கு ஊர் மாறும். அளவைப் பேர்ல சொல்லாம விட்டா எவ்வளவு பெரிய ஆளும் கவிழ்ந்துடுவான். 1999-ல் அமெரிக்காவோட நாசா செவ்வாய்க்கு அனுப்பின ஒரு விண்கலம் தொலைஞ்சு போச்சு. ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்டு கணக்குல எண்ணைக் கொடுத்திருக்கு, இன்னொரு பக்கம் அதை மெட்ரிக் கணக்குன்னு எடுத்துக்கிச்சு. எண் எண்ணாத்தான் இருந்துச்சு. அது எதோட எண்ணுங்கிறதுதான் போயிடுச்சு. ஏக்கர், சென்ட், மா, குழின்னு நாலு அளவுலயும் ஒரே வயலைப் பேசுற எங்களுக்கு இந்த ஆபத்து புதுசு இல்ல. பத்திரம் எழுதுறப்ப அளவைச் சொல்லாம எண்ணை மட்டும் எழுதினா எங்க ஊர்ல எவனும் கையெழுத்துப் போட மாட்டான். ஆனா பிள்ளைங்களுக்கு எக்ஸ், ஒய்யின்னே பழக்குறோம்.

கறவைக் கணக்குல கடைசியா ஒரு கூத்து நடந்துச்சு. காலையில எவ்வளவு, மாலையில எவ்வளவுன்னு கேட்டு மொத்தம் சொல்ற மாதிரி பாப்பா எழுதினா. 6 அடிச்சேன், 5 அடிச்சேன். மொத்தம் 65னு வந்துச்சு. அறுபத்தஞ்சு லிட்டர்! வீட்டம்மா எட்டிப் பார்த்து, "அந்த லேப்டாப்பையே மாட்டுக்குக் கட்டுங்க"ன்னாங்க. விஷயம் இதுதான். கீபோர்டுல நாம அடிக்குறதை எல்லாம் பைத்தான் எழுத்தாத்தான் வாங்கிக்கும். 6 என்ற எழுத்தையும் 5 என்ற எழுத்தையும் கூட்டச் சொன்னா பக்கத்துல பக்கத்துல ஒட்டி வச்சுடும். இது எண்ணுன்னு நாம மாத்திக் கொடுத்தாத்தான் 11 வரும். பேருக்குப் பின்னாடி கட்டியிருக்குறது எண்ணா எழுத்தான்னு பார்க்கணும். கயிறைப் பார்த்து மாடுன்னு நினைச்சுடக் கூடாது, கயிறு நுனியில ஆடும் நிக்கலாம்.

சரி, இதையெல்லாம் எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்? இதைப் படிக்குறவங்கள்ல நிறையப் பேர் பட்டணத்துல, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து சம்பாதிக்குறவங்க. எனக்கு வர்ற மெயில்லேருந்து தெரியுது. உங்க பிள்ளைக்கு எக்ஸ் = எக்ஸ் + 1 புரியலைன்னா, நீங்க ராத்திரி சாப்பாட்டு மேசையில அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவீங்க. அந்தப் பிள்ளை புத்திசாலின்னு பேர் வாங்கும். எங்க பிள்ளைக்கு அந்த அஞ்சு நிமிஷம் இல்ல. இல்லாம போனது அந்த அஞ்சு நிமிஷம்தான். அதுக்குப் பேர் "மேத்ஸ் பேசிக் இல்ல", "தமிழ் மீடியம்", "கிராமத்துப் பிள்ளை".

வாத்தியாரை மட்டும் குத்தம் சொல்லல. ஒரு வகுப்புல அத்தனை பிள்ளைங்க, அவங்களுக்கும் சம்பளம் சொல்லிக்குற மாதிரி இல்லைன்னு கேள்விப்படுறேன். அவங்களுக்கும் யாரோ பெட்டின்னுதான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. ஆனா புரியாததைக் கேட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிச்சதுக்கு அது காரணம் ஆகாது.

"கம்பெனியில தமிழ்ல பேர் வைக்க முடியாதே, இங்கிலீஷ்லதானே எழுதணும்?"னு கேப்பீங்க. சரிதான், வேலைக்குப் போனா இங்கிலீஷ்ல வைக்கட்டும். வேட்டி கட்டிக்கிட்டு நடை பழகினவன் பேண்ட் போட்டா நடக்க மறந்துடுவானா? புரிஞ்சுக்குற நேரத்துல அவளோட வார்த்தையில புரிஞ்சுக்கட்டும். வேரியபிள் புரியுறதுக்கு இங்கிலீஷ் வேண்டாம். "பால்" "மில்க்"கா மாறினா மாடு மாறிடாது, கயிறுக்கு எந்த மொழியில பேர் வச்சாலும் அதே முளையில அதே மாடுதான்.

அதனால உங்ககிட்ட நான் கேக்குறது பணம் இல்ல, பழைய லேப்டாப்பும் இல்ல. ஊர்லேருந்து ஒரு பிள்ளை போன் போட்டு, "அண்ணா, இது புரியல", "அக்கா, இது எப்படி"ன்னு கேட்டா, "இதுகூடத் தெரியலையா"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அது எந்த இடத்துல நிக்குதுன்னு கேளுங்க. நோட்டுல எங்க பென்சில் கேள்விக்குறி இருக்குன்னு கேளுங்க. பத்துக்கு எட்டுத் தடவை அந்தக் கேள்வி நியாயமாத்தான் இருக்கும்.

அக்கா மகன் ஆடி அமாவாசைக்கு ஊருக்கு வந்தான். பாப்பா அவனை உக்கார வச்சு அந்த ரெண்டு பேர் மாட்டுக் கணக்கைக் காட்டினா. அவன் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "மாமா, ஆபீஸ்ல ஒரு தடவை இதே மாதிரி ஒரு லிஸ்ட்டுக்கு ரெண்டு பேர் வச்சுட்டு ராத்திரி முழுக்கத் தப்பு எங்கன்னு தேடியிருக்கேன்"ன்னான். முதல் நாள் பாடம்டா மாப்பிள்ளைன்னு சொன்னேன். சிரிச்சான். அன்னைக்குச் சொன்னதுக்கு மன்னிப்பு எல்லாம் கேக்கல. ஆனா இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவனே அவளுக்கு போன் பண்றான்.

நவம்பர்ல அரியர் பரீட்சை. பாஸ் ஆவாளான்னு இப்ப சொல்ல முடியாது. பரீட்சையில "வேரியபிள் என்றால் என்ன?"ன்னு ரெண்டு மார்க் கேள்வி வந்தா என்ன எழுதுறதுன்னு நேத்து கேட்டா. பெட்டின்னு எழுதினா மார்க் வரும், கயிறுன்னு எழுதினா வருமான்னு அவளுக்குச் சந்தேகம். என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டவங்க மேலதான் என் கோவம்.

சரி, மணி அஞ்சாச்சு, செவலை கத்துது. கறந்துட்டு சொசைட்டிக்குப் போகணும். நாத்து கதை அடுத்த வாரம்.